உஷ்ஷக்காவின் எருமையும் எங்கள் ரேக்ளாப் பந்தயமும்

போலீசாலும் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டராலும் ஏன், சர்க்காராலும்கூட முடியாத ஒரு காரியத்தை எங்கள் வீதியில் ஒரு பொம்பளை தினமும் காலையிலும் சாயங்காலமும் செய்துகொண்டிருந்தாள். ஊரை வாய்மூட வைத்தாள். அதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விரல். அதை உதட்டுக்கு நேராக நிறுத்தி "உஷ்" என்பாள். அவ்வளவுதான், காற்றுகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வீசும்.

அதனால் அவள் பெயர் உஷ்ஷக்கா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். வீதியில் யாருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் எருத்தேன்பதிப் பக்கம், மலையாள நாட்டு எல்லையோரம். பஸ்ஸின் போர்டு மலையாளத்தில் இருக்கும். உள்ளே ஏறினால் சண்டை தமிழில் நடக்கும். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் இந்தக் கதை நடந்தது. அப்போது எங்கள் வீதிக்கும் முக்கிலிருந்த நாயர் சாயாக்கடைக்கும் சேர்த்துப் பால் ஊற்றியது உஷ்ஷக்காவின் ஒரே எருமை. பெயர் பட்டு. பட்டுவைக் கறக்கும் நேரத்தில் சத்தம் போட்டால் அது பாலை மடிக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் என்பது அக்காவின் சட்டம்.

அந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு தடவை கல்யாண ஊர்வலம் வந்தது. மேளக்காரர் குச்சியைத் தூக்கியவர் தூக்கினபடியே நின்றுவிட்டார். மாப்பிள்ளை முதல் மாமியார் வரை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி அக்கா வீட்டைத் தாண்டி, கோயில் முக்கில் போய்த்தான் மேளத்தை மறுபடி ஆரம்பித்தார்கள். தேங்காய் லோடு ஏற்றிவந்த லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு கிளீனரைத் தள்ளச் சொன்னார். கிளீனர் ஒல்லி, வீதியே சேர்ந்து தள்ளினோம். ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வந்த வேட்பாளர் ஒருவர் கும்பிட்ட கையோடு ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போனார். பொய் சொல்லாமல் போன ஒரே ஆள் என்று வீதியே அவருக்கு ஓட்டுப் போட்டது.

அக்கா வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்போம். இத்தனை வருஷமாக எருமை கட்டுகிற கட்டுத்தரைக்குப் பக்கத்தில் குடியிருந்ததில் அவருக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. எதைச் சொன்னாலும் ரகசியம் மாதிரிதான் சொல்வார். "இன்னிக்கு வெயிலு நெம்பங்க" என்பதைக்கூட யாரையோ காட்டிக்கொடுக்கிற மாதிரி காதோரம் வந்து சொல்வார். பட்டு அக்காவைத் தவிர யாருக்கும் பால் இறக்காது. அக்கா வெளியூர் போகிற நாளில் மாமா அவளுடைய பழைய பச்சைச் சேலையைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டுதான் கறக்க உட்காருவார். எங்கள் பக்கம் எருமை வைத்திருக்கிற முக்கால்வாசி ஆம்பளைகளுக்கு இந்த அனுபவம் உண்டு. மாமாவுக்கு மட்டும் கொசுவம் அழகாக நிற்கும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வாலிபர் சங்கம் ரேக்ளாப் பந்தயம் நடத்துவது என்று தீர்மானம் போட்டது.

நான்தான் சங்கச் செயலாளர். பி.ஏ. முடித்திருந்தேன். வேலை இல்லை. ஆனால் யோசனைகள் காலையில் பல் விளக்குவதற்குள் ஒன்று, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. வீதிக்குப் பின்னால் கடலை பிடுங்கிய காடு நீளவாக்கில் சும்மா கிடந்தது. பொள்ளாச்சி, உடுமலையிலிருந்தெல்லாம் காளைகள் வரும், ஆயிரக்கணக்கில் சனம் வரும், மைக் செட் வைப்போம், நான் மைக்கில் வர்ணனை கொடுப்பேன் என்றெல்லாம் கனவு கண்டு பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன்.

பஞ்சாயத்து செக்ரட்டரி ஒற்றப்பாலத்துக்காரர், நிதானமான மனிதர். "பந்தயம் நடத்தாம். பட்சே அடுத்து தாமசிக்குன்னவருடெ அபிப்ராயம் அறியணும்," என்றார். நடத்தலாம், ஆனால் பக்கத்தில் குடியிருப்பவர்களின் சம்மதம் தெரிய வேண்டும்; வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் கூட்டம்.

அபிப்பிராயம்தானே என்று வீடு வீடாகப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் வீதியில் அபிப்பிராயம் எல்லோரிடமும் இருக்கிறது, அதை வெளியே எடுக்கத்தான் ஆளில்லை.

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு நெம்ப சந்தோசமுங்க தம்பி. ஆனா நாஞ் சந்தோசப்பட்டதை அக்காகிட்ட சொல்லிப்போடாதீங்க."

ஒரு காலத்தில் காளை வளர்த்த பெரியவர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தினார். "ரேக்ளா நம்ம மண்ணோட பெருமை. எழுதிக்க." எழுதினேன். "என்ற பேரை எழுதாதே," என்றார்.

நாயர் தெளிவாகச் சொன்னார். "சாயைக்குப் பால் வேணம். பாலுக்கு எருமை வேணம். எருமைக்கு அவள் வேணம். ஞான் ஒண்ணும் பறயில்லா."

கடைசியில் எங்கம்மா. "நீ ரேக்ளா உடு, இல்லாட்டி ராக்கெட்டு உடு. நாளைக்குக் காலையில காப்பி கேட்டு என்ற முன்னால வந்து நிக்காதே."

ஆக, வீதி முழுக்க ஆதரவு. வாக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நேரே உஷ்ஷக்காவிடமே போனேன். அவள் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. மெதுவாப் பேசுங்க, அது அசை போட்டுட்டிருக்குது."

என் வாழ்க்கையின் மிக உற்சாகமான சொற்பொழிவைக் கிசுகிசுப்பில் நிகழ்த்தினேன். முழுதாகக் கேட்டாள்.

"எத்தனை சனம் வருமுங்க?"

"ஆயிரக்கணக்குல வருமுங்கக்கா."

"அத்தனை பேரும் சத்தமில்லாம பொட்டாட்ட நின்னு பாப்பாங்களா?"

"ரேக்ளாவை எப்பிடிங்கக்கா பொட்டாட்டப் பாக்கறது?"

"அப்ப வேண்டாமுங்க."

"ஊருக்கே பெருமைங்கக்கா."

"பெருமையக் கறந்து நாயர் கடைக்கு ஊத்த முடியுமுங்களா?"

அக்கா ஆட்டுக்கல்லை நிறுத்தினாள். "இவளுக்கு மின்னாடி ஒரு எருமை வெச்சிருந்தனுங்க. பக்கத்து ஊட்டுக் கண்ணாலத்துல கட்டுத்தரைக்குப் பக்கத்துலயே சரவெடி உட்டுப்போட்டாங்க. மிரண்டு போய்ப் பாலை ஏத்துனதுதான், மறுக்கா எறக்கவே இல்லை. மடி வத்திப்போச்சு. அடிமாட்டு வெலைக்குச் சந்தையில தள்ளிப்போட்டு, நானும் அவரும் ஊரான் காட்டுல களை வெட்டப் போனோம். பட்டுவை வாங்கற வரைக்கும் வெட்டுனோம். இவளும் வத்துனா மறுபடியும் களைக்கொத்துதானுங்க. எனக்கு முதுகு பழைய மாதிரி இல்லை."

நான் வெளியே வந்தேன். கொஞ்சம் குறுகுறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வயதில் குறுகுறுப்பு என்பது தெரு முனை வரைக்கும்தான் கூட வரும்.

வெள்ளிக்கிழமை கூட்டம். செக்ரட்டரி பாவம், விவரம் தெரியாமல் சரியாகக் கறவை நேரத்தில் வைத்துவிட்டார். அக்கா விடவில்லை. மாமாவிடம் பச்சைச் சேலையைக் கொடுத்துவிட்டு, கறந்து முடித்ததும் ஓடிவந்து எதிர்ப்புக்கு ஒரு கை தூக்கும்படி உத்தரவிட்டுவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். வீதி மொத்தமும் அவளுக்குப் பின்னால் பாலுக்குப் பாத்திரம் நீட்டுகிற பணிவோடு உட்கார்ந்தது.

சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார் செக்ரட்டரி. ஒரு கை எழும்பவில்லை. தையல்காரர் தலையைச் சொறியப் போனவர் பாதியில் கையை இறக்கிவிட்டார்.

எதிர்ப்பு உள்ளவர்கள்? அக்கா இரண்டு கையையும் தூக்கினாள்.

செக்ரட்டரி பேனாவை மூடப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு பச்சைச் சேலை மூச்சிரைக்க வந்து நின்றது. முக்காடு கண்வரைக்கும் இறங்கியிருந்தது. எங்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. செக்ரட்டரிக்குத் தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "ஸ்த்ரீகளும் அபிப்ராயம் பறயணும். வரு, வரு. பயப்படண்டா. ரேக்ளா வருன்னதில் எந்தாணு அபிப்ராயம்?"

மாமாவிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் என்று ஒன்றைக் கேட்டதில்லை. எருமையும் கேட்டதில்லை. அவர் முக்காட்டை விலக்கினார். மீசையைப் பார்த்த செக்ரட்டரி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"எனக்கு ரேக்ளான்னா உசுருங்க," என்றார் மாமா, வழக்கமான ரகசியக் குரலில். ஆனால் அந்த ஹாலில் அப்போது இருந்த நிசப்தத்தில் அது கடைசி பெஞ்சு வரை கேட்டது. "கண்ணாலத்துக்கு மின்னாடி நான் வண்டி ஓட்டியிருக்கறனுங்க. செவலைக் காளையும் மயிலைக் காளையும் பூட்டி. அப்புறமேட்டு எங்கியுமே போய்ப் பாக்கலைங்க. ஊட்டுல சத்தம் ஆகாதுங்கறதால."

அக்கா திரும்பிப் பார்த்தாள். எங்கள் எல்லோருக்கும் ஒரு 'உஷ்' வரும் என்று தோன்றியது. வரவில்லை.

"இதை ஏனுங்க எங்கிட்டச் சொல்லவே இல்லை?" என்றாள்.

"நீ பொட்டாட்ட இருக்கச் சொன்னே."

அக்கா எழுந்தாள். பந்தயம் நடக்கட்டும் என்றாள். இரண்டு நிபந்தனை. மைக் குழாய் அவள் கட்டுத்தரைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். கறவை நேரத்தில் மூச்சு விடக்கூடாது. செக்ரட்டரி எழுதிக்கொண்டார். மாமா சேலையோடு கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

மைக்செட்காரர் பந்தயத்துக்குப் பல நாள் முன்னாடியே வந்துவிட்டார். வேறு எங்கும் கூப்பிடவில்லை, எங்கள் வீட்டுச் சாப்பாடும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தென்னை மரத்தில் குழாயைக் கட்டினார். பகலெல்லாம் கரண்ட் இருக்காது. ஆனால் மைக்கைக் கையில் பிடித்துப் பழக கரண்ட் எதற்கு? நான் செத்துக் கிடந்த மைக்கில் வர்ணனை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. அக்கா கறக்க உட்கார்ந்ததும் தெரியவில்லை. திடீரென்று கரண்ட் வந்துவிட்டது.

"...செவலை முந்துகிறது, மயிலை விடவில்லை, அடடா, மூக்கு மூக்கோடு உரச, இதோ, இதோ, இதோ..."

காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. குழாய் அக்கா வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் இருந்தது. ஆனால் மைக்செட்காரரின் குழாய்க்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? அக்கா உதட்டில் விரலோடு வேலிக்கு ஓடிவந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் விரலை அப்படியே வைத்துக்கொண்டு கட்டுத்தரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினாள்.

மறுநாள் எங்கம்மா பாலை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதென்னடா, போசி நெறையா ஊத்திப்போட்டுப் போறா," என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா வேலியோரம் வந்து நின்றாள். "தம்பி, அந்த மைக்கு நல்லா வேலை செய்யுதுங்களா? செரியாப் பாத்துக்கங்க. பந்தயத்தன்னிக்குப் பேசாம போயிட்டா ஊரு சிரிக்கும்."

"கறவை நேரமாச்சுங்களேக்கா."

"அதுக்கென்னங்க. கொஞ்ச நேரம்தானுங்களே."

அதற்கு அடுத்த நாள், "நேத்து அந்த மயிலை எப்பிடியோ வருதுன்னீங்களே, அது ஜெயிச்சுதா இல்லீங்களா? சொல்லாமலே நிறுத்திப்போட்டீங்க." நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவின் மனசு மாறிவிட்டது, எல்லாம் என் வர்ணனையின் மகிமை என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்தது பாதி சரி. மாறியது யாருடைய மனசு என்பதில்தான் தப்பு.

பந்தயம் பிரமாதமாக நடந்தது. பொள்ளாச்சிக் காளைகள் காற்றாகப் பறந்தன. ஒரு வண்டி தடம் தவறி நாயர் கடைக்குள் புகுந்து, வடையைத் தின்றுவிட்டு வெளியே வந்தது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் துண்டைச் சுழற்றிக்கொண்டு, "உடாதே, வெசையா, வெசையா" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரப்பா இந்தக் கனத்த தொண்டை என்று எட்டிப் பார்த்தால் மாமா. சாயங்காலத்துக்குள் அவர் குரல் தேய்ந்து மறுபடி ரகசியத்துக்கே வந்துவிட்டது, ஆனால் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. காலையிலிருந்து நான் மைக்கை விடவே இல்லை. அன்றைக்கு வீதி முழுக்கப் பால் பாயசம்.

மைக்செட்காரர் குழாயைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போனார். ஊர் பழைய ஊராகிவிட்டது. நாங்கள் கறவை நேரத்தில் பழையபடி வாயை மூடிக்கொண்டோம்.

இரண்டாம் நாள் அக்காவும் மாமாவும் சங்கத்து வாசலில் வந்து நின்றார்கள். அக்கா உள்ளே வரவில்லை. குழாய் கட்டியிருந்த தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பந்தயம் எப்பங்க தம்பி?"

"அடுத்த தையிலதானுங்கக்கா."

"அது வரைக்கும் தாங்காதுங்க," என்றாள்.

மாமாதான் என் காதோரம் வந்து சொன்னார். கரண்ட் வந்த அந்தச் சாயங்காலம் பட்டு காதை நிமிர்த்திக் கேட்டு, அக்கா தொடுவதற்கு முன்னாடியே பாலை இறக்கியிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் அப்படியே. மைக் போனதும் நேற்று ஒரு சொட்டு இறக்கவில்லை. இன்று காலையும் இல்லை. மடி கல்லு மாதிரி இருக்கிறது.

"சத்தம் ஆகாதுன்னு ஊரையே அடக்கி வெச்சிருந்தேன்," என்றாள் அக்கா. "அதுக்குச் சத்தம் வேண்டாம்னு எனக்கு யாரு சொன்னாங்க? நானா நெனச்சுக்கிட்டேன். இப்ப இவளும் வத்திப்போயிருவா."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் கட்டுத்தரைக்கு ஓடினோம். முதலில் நாயரின் டிரான்சிஸ்டர். அதில் மலையாளச் செய்தி. பட்டு சாணி போட்டது. அலைவரிசையைத் திருப்பி நாதஸ்வரம் வைத்தோம். வாலைக்கூட அசைக்கவில்லை. தையல்காரர் தன் சொந்தக் குரலில் பாடிப் பார்த்தார். பட்டு உதைத்தது.

"அது மைக்கு இல்லீங்க," என்றாள் அக்கா மெதுவாக. "பாட்டும் இல்லீங்க. இந்தத் தம்பி பேச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். பி.ஏ. படித்தவன், சங்கத்தின் செயலாளர், எருமையின் காதுப் பக்கம் நின்று, மண்ணெண்ணெய் வாசத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே, செவலை முந்துகிறது..."

பட்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அக்கா மடியில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் மயிலையை முந்த விட்டேன். மூக்கு மூக்கோடு உரச விட்டேன். "இதோ, இதோ" என்று உச்சத்துக்குப் போனபோது போசியில் சொய்ங் என்று முதல் பீச்சு விழுந்தது. அக்கா எருமையின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கறந்துகொண்டே அழுதாள். நான் நிறுத்தப் போனேன். "நிறுத்தாதீங்க தம்பி," என்றாள்.

அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. மழையோ வெயிலோ, இரண்டு வேளையும் கட்டுத்தரையில் ரேக்ளா நடந்தது. ஒரே பந்தயத்தைச் சொன்னால் பட்டுவுக்குச் சலித்துவிடும் என்று அக்கா சொன்னதால், புதுப் புதுக் காளைகளை இறக்கினேன். வீதியில் பெரியவர்கள் கட்சி கட்டிக்கொண்டு கேட்க வந்தார்கள். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்த ஒரு குடும்பம், பையன் என்ன செய்கிறான் என்று நாயர் கடையில் கேட்டதாம். "எருமையோடு சம்சாரிக்குன்னு," என்றாராம் நாயர். எருமையோடு பேசிக்கொண்டிருக்கிறான். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா. வீதியில் எல்லோருக்கும் சந்தோஷம், அக்கா முகத்தில் மட்டும் களைக்கொத்து தெரிந்தது. அன்று சாயங்காலம் மாமா புனலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பந்தயத்தன்று கேட்ட தொண்டையைத் தேடி எடுக்க அவருக்குச் சில நாள் ஆனது. முதலில் செவலையும் மயிலையும் ரகசியமாக ஓடின. பட்டு அசையவில்லை. அடுத்தடுத்த நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உரக்க ஓடின. கடைசியில் ஒரு காலையில் நான் வாயே திறக்கவில்லை. மாமா தனியாக ஒரு பந்தயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஓட்டினார். வண்டி ஓட்டியவரல்லவா, வளைவில் கயிற்றை எப்படி இழுத்தார் என்பதுவரை சொன்னார். போசி நிறைந்தது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில் அக்கா பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி, அதில் திரட்டுப்பால்.

"மூணாறு நெம்பக் குளுருமாமுங்க. ராத்திரியில காதைக் கட்டிக்கங்க."

"செரிங்கக்கா. பால் எறங்குதுங்களா?"

"அதுக்கெல்லாம் கொறையில்லீங்க. அவரு பேசறதே போதும்."

பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அக்கா போகவில்லை. ரோட்டைப் பார்த்தாள், பஸ்ஸின் டயரைப் பார்த்தாள்.

"பட்டு உங்களைத் தேடுமுங்க தம்பி," என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குக் காலையிலகூடச் செரியாத் தீனி எடுக்கலைங்க."

காலையில் பட்டு தீனித்தொட்டியை அடிவரை நக்கிவிட்டு இன்னும் கேட்டுக் கத்தியதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"நானும் தேடுவேன்னு பட்டுகிட்டச் சொல்லுங்கக்கா," என்றேன்.